டெலிவரிக்குக் கார் தேடும் தம்பிக்கு



நீர் அனுப்பிய நான்கு கார்களின் படங்களையும் பார்த்தேன். மனம் எதில் நிற்கிறது என்று நீர் சொல்லத் தேவையில்லை. அந்தக் கறுப்பு எஸ்யூவிக்கு மட்டும் ஆறு படங்கள் வந்திருக்கின்றன. 18 அங்குலச் சில்லு, தோல் இருக்கை, மாதம் இவ்வளவு கட்டினால் போதும் என்று டீலர் கண்ணாடியில் ஒட்டிய மட்டை. அதை விட்டுவிடும். ஸ்காபரோவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து அந்தக் கடனைக் கட்டப் புறப்பட்டால், குளிரில் படியேறி உழைத்த காசு உம்முடைய கைக்கு வராமலே போய்விடும்.

கார் பார்க்கிற எல்லோரும் நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்றுதான் கேட்பார்கள். டெலிவரிக்காரர் முதலில் கேட்க வேண்டியது, கார் நிற்கும்போது எவ்வளவு குடிக்கும் என்பதைத்தான். மார்க்கம் வீதியில் கொத்துரொட்டிக் கடை வாசலில் நிற்பீர். மூன்று கிலோமீற்றர் ஓடி ஓர் அடுக்குமாடியின் முன்னால் நிற்பீர். மேலே போய் வந்தபின் அடுத்த ஓடர் வரும்வரை ஏதோவொரு பிளாசாவில் நிற்பீர். 1.8 லீற்றர் எஞ்சின் ஒன்றைச் சும்மா இயங்கவிட்டால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் போய்விடும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படி விடக் கூடாது என்று ரொறன்ரோ நகரசபையின் விதியும் இருக்கிறது. கூலிப் பக்கமும் இதே கதைதான். 2025 யூலை 1 முதல் ஒன்ராறியோவில் செயலி வேலைகளுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆனால் ஓடரை ஏற்றதிலிருந்து முடிப்பது வரைதான் கணக்கு. பிளாசாவில் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத நேரத்தில் பெற்றோலும் எரியக் கூடாது.

அதனால்தான் ஹைபிறிட்டைப் பாரும் என்கிறேன். நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். பிரேக் போடும்போது வீணாகிற வேகத்தில் ஒரு பங்கை மோட்டார் மின்சாரமாக்கிப் பற்றரிக்குத் திருப்பும். சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நிற்கிற எக்ளின்டன் வீதியில்தான் அது தன் பெறுமதியைக் காட்டும், 401 நெடுஞ்சாலையில் அவ்வளவாக இல்லை. 2016 அளவிலான சாதாரணக் கொரொல்லா நகருக்குள் நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றருக்குச் சற்று மேலே எடுக்கும். 2020இல் வந்த கொரொல்லா ஹைபிறிட்டுக்கு 4.4 போதும். பழைய பிறியஸும் 5க்குள் நிற்கும். இவை அரசாங்கச் சோதனைக் கணக்குகள். தை மாதத்தில் யாருக்கும் அப்படிக் கிடைக்காது. உள்ளே சூடு வேண்டுமென்றால் ஹைபிறிட்டும் எஞ்சினை இயக்கித்தான் ஆக வேண்டும். இருக்கைச் சூடேற்றி உள்ள காராகப் பார்த்தால் ஹீற்றரைக் குறைத்து வைக்கலாம்.

இனி ஹைபிறிட்டுக்கு எவ்வளவு கூடக் கொடுக்கலாம் என்ற கணக்கு. வருடத்துக்கு 25,000 கிலோமீற்றர் ஓடுவீர், பெற்றோல் லீற்றர் 1.40 டொலர் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீற்றருக்கு மூன்றரை லீற்றர் மிச்சமென்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 டொலர். சாதாரணக் காரைவிட ஹைபிறிட்டுக்கு 3,000 டொலர் கூடக் கேட்டால் கொடும், மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். 6,000 கேட்டால் வேண்டாம். அந்தக் காசு திரும்பி வருவதற்குள் காரும் களைத்துவிடும், நீரும் வேறு வேலைக்குப் போயிருப்பீர், போயிருக்க வேண்டும். அப்படிக் கேட்டால் ஒழுங்காகப் பராமரித்த கொரொல்லாவோ ஹொண்டா ஃபிற்றோ போதும். ஃபிற் கனடாவில் 2020 மாடலோடு நின்றுவிட்டது, ஆனால் டெலிவரிக்கென்றே செய்தது போன்ற கார். பின் இருக்கையின் அடிப்பாகத்தை மேலே மடக்கினால் தரையிலேயே பைகளை நிமிர்த்தி வைக்கலாம், சூப் சரியாது.

பிறியஸ் பார்க்கப் போனால் ஒன்றைக் கவனியும். 2010 முதல் 2015 வரையிலான மாடல்களில் புகையை எஞ்சினுக்குத் திருப்புகிற குழாயில் கரி அடைப்பதும், கடைசியில் ஹெட் காஸ்கெற் போவதும் மெக்கானிக்குகள் அறிந்த வருத்தம். விற்பவரிடம் முதலிலேயே சொல்லும், நான் வரும்வரை காரை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று. போனதும் பொனற்றில் கை வைத்துப் பாரும். சூடாக இருந்தால் உமக்காகத்தான் சூடாக்கியிருக்கிறார். குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணும்போது முதல் சில விநாடிகளில் தடதடவென்று ஆடினாலோ, கூலன்ற் போத்தலில் மட்டம் கீழே கிடந்தாலோ, விலை எவ்வளவு குறைவென்றாலும் திரும்பி வாரும். பிறியஸின் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கழற்றிக்கொண்டு போகிற கள்ளர் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்; இரவில் தெருவில்தான் நிறுத்துவீர் என்றால் இதற்கும் ஒரு விலை உண்டு.

எஞ்சினைவிட எனக்குப் பயம் கறளில். இந்த ஊரில் வீதிக்குக் கொட்டுகிற உப்பு காரைக் கீழிருந்து தின்கிறது. டீலர் மேலே மினுக்கி வைத்திருப்பார். நீர் முழங்காலிட்டுக் கதவுகளுக்குக் கீழே ஓடுகிற விளிம்பைத் தொலைபேசி வெளிச்சத்தில் பாரும், விரல் முட்டியால் தட்டும். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டாலோ, பெயின்ற் பொங்கி நின்றாலோ உள்ளே தகடு போய்விட்டது. பின் சில்லுகளுக்கு நடுவே உள்ள சட்டகத்தையும் பிரேக் குழாய்களையும் பாரும். மேல் மண்ணிறமாக இருப்பது பெரிய குற்றமில்லை, பாளம் பாளமாகக் கழன்று வருவதுதான் குற்றம். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எதையோ மூடியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளும். வாங்கியபின் வருடா வருடம் எண்ணெய்ப் பூச்சு அடிப்பியும்.

இன்சூரன்ஸ் விடயத்தில் நம்மவர்கள் செய்கிற ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். டெலிவரி ஓடுகிறேன் என்று சொன்னால் காசு கூடும் என்று, வேலைக்குப் போய்வர மட்டும் என்று எழுதிவிடுவார்கள். விபத்து நடந்த அன்று பின் இருக்கையில் சாப்பாட்டுப் பை இருக்கும், செயலியில் ஓடர் இருக்கும். கம்பனி கை விரித்தால் யாரிடம் போவீர்? உண்மையைச் சொல்லி, அதற்கு என்ன விலை என்று கேளும். அதுவும் கார் வாங்குவதற்கு முன்னர். பிடித்த காரின் அடையாள எண்ணை எடுத்து இரண்டு மூன்று முகவர்களிடம் விலை கேளும். ஸ்காபரோ முகவரி, புது லைசென்ஸ், களவு போகிற மாடல் மூன்றும் சேர்ந்தால் பெற்றோலில் மிச்சம் பிடித்ததெல்லாம் இதிலே போய்விடும்.

ஸ்னோ ரயர் ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயமில்லை. உமக்குக் கட்டாயம். போட்டிருந்தால் இன்சூரன்ஸில் கழிவு தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது, கேட்டு வாங்கும். முடிந்தால் 15 அங்குலச் சில்லுள்ள காராக வாங்கும். அந்த அளவு ரயர் 18 அங்குலத்தைவிட நன்றாக மலிவு.

மின்சாரக் கார் பற்றிக் கேட்டிருந்தீர். வீட்டில் இரவு 11 மணிக்குச் செருகி, மிகக் குறைந்த கட்டணத்தில் காலை 7 மணிக்குக் கழற்ற முடிந்தவருக்கு அதைவிட மலிவு வேறில்லை. நீர் இருப்பது பேஸ்மென்ற். வீட்டுக்காரர் வயர் இழுக்க விடமாட்டார். இப்போதைக்கு மறந்துவிடும். டவுன்ரவுன் பக்கம் காரோடு போவதையும் மறந்துவிடும். அங்கே இ-பைக் பொடியள் இரண்டு ஓடர் முடிக்கிற நேரத்தில் நீர் பார்க்கிங் தேடிக்கொண்டிருப்பீர். லீஸுக்கும் எடுக்க வேண்டாம், அதில் வருடக் கிலோமீற்றருக்கு எல்லை போட்டிருப்பார்கள்.

தனியாரிடம் வாங்கினால் அரசாங்கத்தின் பாவித்த வாகனத் தகவல் பொதியை விற்பவர் தர வேண்டும். முன்னைய உரிமையாளர்களும், காரின் மேல் கடன் கிடக்கிறதா என்பதும் அதில் தெரியும். 13 வீத வரியையும் கணக்கில் வையும். நீர் கொடுத்த விலை, அரசாங்கம் கணக்கிலெடுக்கிற புத்தக விலை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி. விற்பவரோடு பேசி விலையைக் குறைத்து எழுதுவதால் ஒன்றும் மிஞ்சாது. சாவி கைக்கு வந்ததும் ஓடோமீற்றரைப் படமெடுத்து, அன்றிலிருந்து வேலைக் கிலோமீற்றரையும் சொந்த ஓட்டத்தையும் பிரித்து எழுதும். வருமான வரியில் செலவு கழிக்க அதுதான் சாட்சி.

வரும் சனிக்கிழமை, நீர் அனுப்பிய படங்களில் இருந்த அந்த வெள்ளைக் கொரொல்லாவைப் பார்க்கப் போவதென்றால் காலையிலேயே கூப்பிடும், வருகிறேன். மழை பெய்தால் ஞாயிறு போவோம். நனைந்த காரில் திருப்பிப் பூசிய பெயின்ற் கண்ணுக்குத் தெரியாது.

அன்புடன்,
அண்ணன்