இடைவெளியில் பயணிக்கும் ஒலி

நுழையும்முன்

காட்சியையும் ஒலியையும் பிரியாமல் கொண்டுசெல்ல மாந்தர் நெடுங்காலம் முயன்றனர். இன்று விரல் பருமனுள்ள ஒரே வடம் அப்பணியைச் செய்கிறது. கணினியில் உள்ள பாடத்தை வகுப்பறைத் தொலைக்காட்சியில் ஒளிரவும் ஒலிக்கவும் செய்யும் அவ்வடத்தின் இயக்கத்தை இப்பாடம் விளக்குகிறது.

மலையும் அலையும்

கச்சிராயப்பாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து மேலேறும் சாலை, கல்வராயன் மலையின் வெள்ளிமலையைச் சென்றடைகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இம்மலைப்பகுதியில் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் மலைமடிப்புகளுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. கைப்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. குறுக்கே ஒரு குன்று நின்றால் அதன் மறுபுறத்தில் அலை நலிந்துவிடும். ஒரு சரிவில் கோபுரம் இருப்பினும் எதிர்ச்சரிவில் கைப்பேசி ஊமையாகிவிடுவது மலைநாடுகளில் இயல்பு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசிக்கு இடம் மாறியபோது இந்த வேறுபாடு கல்வி வேறுபாடாகவும் மாறியது.

2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பெற்றிருந்த தமிழ்நாட்டரசின் கல்வித் தொலைக்காட்சி, அந்நாளில் பாடங்களை இல்லங்களுக்கு ஒளிபரப்பியது. எனினும் ஒளிபரப்பு தன் நேரத்தில் வரும். தன் வேகத்தில் போகும். புரியாத இடத்தில் நிறுத்தி, மீண்டும் ஒருமுறை காட்டுமாறு அதனிடம் கேட்க இயலாது. மடிக்கணினியில் சேமித்த பாடமோ நிறுத்தினால் நிற்கும். அலை கிடைக்கும் ஊரில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் மலைமேல் இணையம் தேவையில்லை. ஆனால் மடிக்கணினியின் சிறு திரையை நாற்பது மாணவர் எவ்வாறு காண்பர்? அதன் மெல்லொலி, ஓட்டுக்கூரையில் மழை அறையும்போது கடைசி வரிசையை எவ்வாறு எட்டும்? பெரிய திரையும் உரத்த ஒலியும் உள்ள தொலைக்காட்சியுடன் அதனை இணைப்பதே வழி.

பேச முடியாத இரு கருவிகள்

தமிழ்நாட்டில் 2006இல் விலையில்லா வண்ணத் தொலைக்காட்சியும் 2011இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினியும் வழங்கும் திட்டங்கள் தொடங்கின. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒன்றோடொன்று நேரடியாக உரையாட இயலவில்லை. குழாய்த் தொலைக்காட்சிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகள் இருந்தன. மஞ்சள் படத்திற்கு, மற்றவை ஒலிக்கு. அவை ஏற்றவை, ஏறி இறங்கும் மின்னழுத்தமாக வரும் ஒப்புமைச் சைகைகள். கணினியின் படத்துளையோ வேறு முறையில் அமைந்தது. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. என்னும் 15 முனைச் செருகி நெடுங்காலம் அதில் ஆட்சி செய்தது. அச்செருகியில் ஒலிக்கு ஒரு முனையும் இல்லை. படம் ஒரு வடத்திலும் ஒலி மற்றொரு வடத்திலும் செல்லவேண்டியிருந்தது.

இச்சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. ஊமைப்படக் காலத்தில் திரைக்கு அருகே ஒருவர் நின்று கதை சொல்வார். பின்னர் ஒலியை இசைத்தட்டில் பதிந்து, படத்தோடு ஒருங்கே ஓட்டிப் பார்த்தனர். ஊசி சற்றுத் தாவினாலும் உதடு ஒன்று சொல்ல, ஒலி வேறொன்று சொல்லும். படச்சுருளிலேயே, படச்சட்டங்களுக்கும் ஓரத் துளைகளுக்கும் இடைப்பட்ட மெல்லிய பட்டையில் ஒலியைப் பதித்த பிறகே இடர் தீர்ந்தது. படத்திற்குப் பயன்படாத ஓரத்தில் ஒலிக்கு இடம் கிடைத்தது.

வெற்றிடத்தில் கிடைத்த வழி

எச்.டி.எம்.ஐ. வடத்தின் முதல் வரையறையை 2002 திசம்பரில் இட்டாச்சி, மட்சுசிட்டா, பிலிப்சு, சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோசிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் வெளியிட்டன. அதன் செருகியில் 19 முனைகள் உள்ளன. படத்தின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகள் மூன்று இணைக்கம்பிகளில் 0, 1 என்னும் இலக்கங்களாக விரைகின்றன. நான்காம் இணை அவற்றுக்குத் தாளம் தட்டுகிறது. ஒவ்வோர் இணையிலும் இரு கம்பிகள் ஒன்றற்கொன்று எதிரான சைகையைச் சுமக்கும். வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்குவதால், வேறுபாட்டை மட்டும் படிக்கும் தொலைக்காட்சிக்கு அவ்விரைச்சல் தெரிவதில்லை.

ஒலிக்கெனத் தனிக் கம்பி இதிலும் இல்லை. பிறகு ஒலி எங்கே செல்கிறது?

பழைய குழாய்த் தொலைக்காட்சியில் மின்னணுக் கற்றை ஒரு வரியை வரைந்து முடித்து, அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் திரும்பச் சிறிது நேரம் தேவைப்பட்டது. தறியில் ஓடம் திரும்புவது போன்றது அது. அந்நேரத்தில் திரைக்குப் படம் அனுப்பப்படுவதில்லை. கற்றையே இல்லாத தட்டைத் திரைகள் வந்த பின்னும் அந்த இடைவெளி மரபாகத் தொடர்ந்தது. முழு உயர்தெளிவுப் படத்தில் கண்ணுக்குத் தெரிவன 1920 புள்ளிகள் கொண்ட 1080 வரிகள். வடத்தில் செல்வனவோ 2200 புள்ளிகள் கொண்ட 1125 வரிகள். ஆக, ஒவ்வொரு வரியிலும் 280 புள்ளிகளின் நேரம் படமின்றிக் கழிகிறது. ஒலி பயணம் செய்வது இந்த வெற்றிடத்தில்தான்.

அவ்விடம் போதுமா என்னும் ஐயம் எழலாம். நொடிக்கு 60 படங்கள் எனில் ஒரு நொடியில் 67,500 வரிகள் செல்கின்றன. ஒலியோ நொடிக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கப்படுவது வழக்கம். கணக்கிட்டால் ஒரு வரிக்கு ஒரு மாதிரிகூட வாராது! படம் பெருவெள்ளம், ஒலி அதன் கரையோரம் ஓடும் சிறு வாய்க்கால்.

செருகியவுடன் நிகழ்வது

வடத்தைச் செருகியதும் கணினி ஐந்து வோல்ட் மின்னழுத்தத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறது. தொலைக்காட்சி 19ஆம் முனையின் வழியே தன் இருப்பை உணர்த்துகிறது. பின்னர்க் கணினி, தொலைக்காட்சியின் நினைவகத்தில் எழுதப்பட்டுள்ள குறிப்பைப் படிக்கிறது. எத்தனை புள்ளிகளை அது காட்டும், எவ்வகை ஒலியை ஏற்கும் என்பன அதில் உள்ளன. ஏற்பவர் யாரென அறிந்த பின்னரே அனுப்புதல் தொடங்குகிறது.

படம் பெரிய திரையில் தெரிந்தும் ஒலி மடிக்கணினியிலிருந்தே எழுவது வகுப்பறைகளில் அடிக்கடி நேர்வது. வடம் பழுதென எண்ணி அதனைப் பிடுங்குவோர் பலர். பெரும்பாலும் குறை வடத்தில் இல்லை. படத்தை எங்கே அனுப்புவது என்பதும் ஒலியை எங்கே அனுப்புவது என்பதும் கணினிக்குத் தனித்தனி முடிவுகள். ஒலி அமைப்பைத் திறந்து தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஒலி இடம் மாறும். தொலைக்காட்சியிலும் வடம் செருகிய துளையின் எண்ணையே உள்ளீடாகத் தெரிவு செய்தல் வேண்டும். வடம் மிக நீண்டால் சைகை நலியும். திரையில் புள்ளிகள் மின்னும், அல்லது படமே மறையும். ஆகவே மேசையைத் தொலைக்காட்சிக்கு அருகில் இட்டுக்கொள்வது நன்று.

கற்பவை கற்றபின்…

பள்ளியிலோ வீட்டிலோ உள்ள தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்த்து, அதிலுள்ள துளைகள் எவையெவை எனக் குறித்து வருக. கேபிள், பின், பிளக், சாக்கெட் ஆகியவற்றுக்கு உங்கள் ஊரில் வழங்கும் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.