நெல்லியடியிலிருந்து யோக விடுமுறை: தெரிவு முதல் திரும்புதல் வரை

விடுமுறை நாட்களை ஓர் ஆசிரமத்திலோ தியான நிலையத்திலோ தங்கி, அந்த இடத்தின் நாளொழுங்குப்படி கழிப்பதே யோக விடுமுறை. இதை ஒரு திட்டமாக வகுத்துப் பரப்பியவர்களில் முதன்மையானவர் சுவாமி விஷ்ணுதேவானந்தர். பத்தமடையில் 1887இல் பிறந்து ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தரின் சீடர் இவர். 1957இல் மேற்கு நாடுகளுக்குப் போனவர், விடுமுறை கழித்து வருவோர் முன்னிலும் களைத்துத் திரும்புவதைக் கண்டு, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் யோக முகாம் நடத்தத் தொடங்கினார். கேரளத்தின் நெய்யாறு அணைக்கட்டு அருகே 1978இல் அவர் அமைத்த சிவானந்த தன்வந்தரி ஆசிரமத்தில் அதே முறை இன்றும் தொடர்கிறது. நெல்லியடியிலிருந்து புறப்படுபவருக்கு அந்த ஆசிரமமும் கண்டிப் பக்கத்துத் தியான நிலையங்களும் எட்டக்கூடியவை.

1. வகையைத் தெரிதல்

மூன்று வகைகள் உண்டு. முதலாவதில் ஆசனமும் பிராணாயாமமும் முதன்மை. நெய்யாறும், அதே அமைப்பு மதுரை அருகே நடத்தும் மீனாட்சி ஆசிரமமும் இவ்வகை.

இரண்டாவது மௌனமும் தியானமும். பேராதனை அருகே ஹிந்தகலவில் உள்ள தம்மகூட நிலையத்தில் எஸ். என். கோயங்கா வகுத்த பத்து நாள் விபாசனா முகாம் நடக்கிறது. கட்டணம் இல்லை. முகாமை முடித்தவர்கள் மட்டுமே நன்கொடை கொடுக்கலாம். கலஹா வீதி வழியே மேலும் சென்றால் நிலம்பை தியான நிலையம். காலஞ்சென்ற கொட்வின் சமரரத்ன வழிநடத்திய இடம் அது. அங்கு கட்டுப்பாடு சற்று இளகியது.

மூன்றாவது சிகிச்சை சார்ந்தது. பெந்தோட்டை, பேருவளைக் கரையோர ஆயுர்வேத விடுதிகளில் எண்ணெய்ச் சிகிச்சையும், உடலைச் சுத்திகரிக்கும் பஞ்சகர்மமும் முதன்மை. யோக வகுப்பு அங்கே துணைக்குத்தான்.

முதுகுப் பிடிப்புக்கு மருந்து தேடுபவர் விபாசனாவுக்குப் போனால், நாளுக்குப் பத்து மணித்தியாலம் வரை சம்மணமிட்டு இருக்க வேண்டிவரும். அங்கே ஆசனப் பயிற்சிக்கு அனுமதி இல்லை. நோக்கமும் வகையும் பொருந்தினால்தான் பயணம் பயன் தரும்.

2. நாளொழுங்கைப் படித்தல்

விளம்பரப் படத்தை விட நேர அட்டவணையே ஓர் இடத்தைச் சரியாகக் காட்டும். நெய்யாற்றில் ஐந்தரை மணிக்கு முன்பே எழுப்பும் மணி அடிக்கிறது. ஆறு மணிக்குத் தியானமும் பாடலும் சேர்ந்த சத்சங்கம், பின்னர் தேநீர், எட்டு மணிக்கு ஆசன வகுப்பு, பத்து மணிக்கு முதல் உணவு. அதன்பின் கூட்டுவது, கழுவுவது போன்ற கர்மயோகப் பணி. பிற்பகலில் சொற்பொழிவும் இரண்டாவது ஆசன வகுப்பும். ஆறு மணிக்கு இரவுணவு, இரவு மீண்டும் சத்சங்கம். மீன், முட்டை, வெங்காயம், உள்ளி, கோப்பி, புகை, மது எதற்கும் இடமில்லை.

வகுப்பு பிராணாயாமத்தையும் சூரிய வணக்கத்தையும் அடுத்து, சிரசாசனம் முதல் திரிகோணாசனம் வரை பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள் வழியாகச் சென்று சவாசனத்தில் முடியும். புதியவர்களுக்கும் இடமுண்டு. பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால், அதில் தடுமாறுபவர் பதிவுக்கு முன் கேட்டறிய வேண்டும். விபாசனா உரைகளைத் தமிழ் ஒலிப்பதிவில் கேட்கலாம்.

3. உடல்நிலையைச் சரிபார்த்தல்

இரவுணவு ஆறு மணிக்கு, அடுத்த உணவு காலை பத்து மணிக்கு என்றால் இடைவெளி பதினாறு மணித்தியாலம். இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுக்கும் நீரிழிவு நோயாளிக்கு அந்த இடைவெளியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆசிரமத்திடமும் இதை முன்பே தெரிவிக்க வேண்டும்.

கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்கள் சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பஞ்சகர்மம் ஏற்றதன்று. கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு நீண்ட மௌன முகாம் பாதுகாப்பானதல்ல. இதை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. சிகிச்சை விடுதியைத் தெரிபவர்கள், அங்குள்ள வைத்தியர் ஆயுர்வேத மருத்துவச் சபையில் பதிவு செய்தவரா என்று கேட்பது அவசியம்.

4. நாட்களைக் குறித்தல்

நெய்யாற்றின் இரண்டு வார யோக விடுமுறை ஒவ்வொரு மாதமும் 1ஆம், 16ஆம் தேதிகளில் தொடங்கும். பத்து நாள் விபாசனாவுக்குச் சேரும் நாளும் பிரியும் நாளும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் லீவு வேண்டும். போக்குவரத்துக்கு மேலும் இரண்டு நாள். கேரளத்தில் யூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கண்டியில் எசல பெரஹரா நடக்கும் நாட்களில் பஸ்ஸிலும் விடுதிகளிலும் நெரிசல். நல்லூர்த் திருவிழாவும் ஏறத்தாழ அதே காலத்தில் வருவதால், வீட்டாரோடு பேசி நாள் குறிப்பது நல்லது.

5. பயண ஏற்பாடு

கண்டிக்கு நெல்லியடிச் சந்தியிலிருந்து கொடிகாமம் போய் ஏ9 வீதியைப் பிடிக்கலாம். கண்டி யாழ்ப்பாண வீதியே ஏ9 என்பதால் வழி நேரானது. இரவு பஸ்ஸில் போனால் காலையில் கண்டி. அங்கிருந்து கலஹா வீதி பஸ். முகாமில் சேரும் நேரம் பிற்பகல் என்றால் முற்பகலில் ஓய்வெடுக்க முடியும்.

இந்தியாவுக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசா பெற வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஈ-விசா எடுப்பவர்கள், தாங்கள் இறங்கும் விமான நிலையமோ துறைமுகமோ அதை ஏற்கும் இடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலாலியிலிருந்து தமிழகத்துக்கு விமானமும், காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் உண்டு. கப்பல் மாரி காலத்தில் தடைப்படும் என்பதால், நாள் தவறக் கூடாதவர்களுக்கு விமானமே நம்பகமானது. கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரடி விமானமும் உண்டு. ஆசிரமம் அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர்.

6. வீட்டிலேயே ஒத்திகை

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு மூன்று பழக்கங்களைத் தொடங்க வேண்டும். நாளுக்கு நாலைந்து பிளேன்டீ குடிப்பவர் படிப்படியாக ஒன்றுக்கு இறக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் தலையிடி தொடங்கி, முகாமின் முதல் இரண்டு நாளை வீணாக்கும். இரவில் ஒன்பதரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழ வேண்டும். நிலத்தில் பாய் விரித்து, மடித்த போர்வையை இடுப்புக்குக் கீழே வைத்து, முதலில் பத்து நிமிடமும் போகப்போக அரை மணித்தியாலமும் இருந்து பழக வேண்டும். வண்ணார்பண்ணையில் யோகர் சுவாமி (1872–1964) மரபில் வந்த சிவதொண்டன் நிலையத்தில் ஒரு காலைப் பொழுது மௌனமாக இருந்து பார்த்தால், மௌன முகாம் தனக்கு ஒத்துவருமா என்பது ஓரளவு தெரியும்.

7. பொதி

தோளும் முழங்காலும் மூடும் தளர்ந்த பருத்தி உடை நாலு சோடி, சாரம் அல்லது பஞ்சாபி, விரிப்பு, துவாய், டோர்ச், நுளம்புவலை, குடிநீர்ப் போத்தல், வழமையான மருந்துகள் போதும். மருந்துச் சீட்டின் பிரதி கையில் இருக்கட்டும். கண்டி மலைப்பக்கம் போவோருக்கு ஒரு ஸ்வெட்டர் தேவை. விபாசனாவில் போன், புத்தகம், குறிப்பேடு மூன்றையும் ஒப்படைக்க வேண்டும். அவசரத்துக்கு அழைக்க நிலையத்தின் இலக்கத்தை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

8. தங்கியிருக்கும் நாட்கள்

இரண்டாம் மூன்றாம் நாட்களில் தசை நோவும் சலிப்பும் வரும். பெரும்பாலோர் திரும்பிவிடலாமா என்று நினைப்பது அப்போதுதான். தசை நோவு தானே அடங்கும். மூட்டுக்குள் குத்தும் வலி, கையிலோ காலிலோ விறைப்பு, தலைச்சுற்று வந்தால் அந்த ஆசனத்தை உடனே நிறுத்தி ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் போட்டியாக வளைவதில்தான் காயங்கள் நேர்கின்றன.

9. திரும்பிய பின்

வீடு வந்த மறுநாளே வேலைக்குப் போகாமல் ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். காரமும் பொரியலும் மெல்லத் திரும்பட்டும். முகாமின் முழு நாளொழுங்கை வீட்டில் நடத்த முயல்பவர்கள் விரைவில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். காலையில் அரை மணித்தியாலம், தெரிந்த ஐந்தாறு ஆசனங்கள், முடிவில் சவாசனம் என்று சுருக்கிக்கொண்டால் அது நிலைக்கும். அந்த அரை மணித்தியாலம் மூன்று மாதம் கழித்தும் தொடர்ந்தால், செலவழித்த லீவும் காசும் வீண்போகவில்லை.