சூசை என்னும் பெயர்

வீட்டுப் பெட்டகத்திலுள்ள பழைய ஞானஸ்நானச் சான்றிதழ்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் சூசைப்பிள்ளை, தகப்பனார் யோசேப்பு, மகன் ஜோசப் என்றிருக்கக்கூடும். மூன்று பெயர்கள்போலத் தோன்றினாலும் பெயர் ஒன்றேதான். எந்த வழியால் வீட்டுக்குள் நுழைந்தது என்பதில் மட்டுமே வேறுபாடு.

பெயரின் வேர் எபிரேயம். "அவர் இன்னும் கூட்டித் தருவாராக" என்பது பொருள். நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்த இராக்கேல், முதற் பிள்ளையைக் கையில் ஏந்தியபோது, கடவுள் தன் நிந்தையை நீக்கினார் என்று மகிழ்ந்து, இன்னொரு மகனையும் கூட்டித் தரும்படி கேட்டாள் என்று தொடக்க நூல் 30ஆம் அதிகாரம் கூறுகின்றது. 'நீக்கினார்', 'கூட்டுவாராக' என்னும் இரண்டு சொற்களும் எபிரேயத்தில் ஏறக்குறைய ஒரே ஓசையுடையவை. ஆகவே ஒரு தாயின் நன்றியும் அவளுடைய அடுத்த வேண்டுதலும் அந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருக்கின்றன.

பின் 'சூசை' எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயர் இப்பெயரை 'ஜோசே' என எழுதினாலும், முதலெழுத்தின் ஓகாரத்தை உகரம்போல ஒலிப்பர். அந்த 'ஜுசே' தமிழ் நாவில் சூசையாயிற்று. யோசேப்பு வேதாகம மொழிபெயர்ப்பின் வழியாகவும், ஜோசப் ஆங்கிலத்தின் வழியாகவும் வந்தவை. கேரளத்துச் சுறியானிக் கிறிஸ்தவர்கள் 'ஔசேப்பு' என்பர். அது சுறியானி வழி.

மத்திய காலத்து மேற்கு ஐரோப்பாவில் இப்பெயர் அரிதாகவே இருந்தது என்றால் வியப்பீர்கள். புனித அவிலா தெரேசம்மாள் 1562இல் தமது முதல் மடத்தைச் சூசையப்பருக்கு ஒப்புக்கொடுத்தார். 1621இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் மார்ச் 19ஐத் திருச்சபை முழுவதற்கும் கடன் திருநாளாக்கினார். யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் விழுந்தது 1619இல். சூசையப்பர் பக்தி அங்கே வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே பெயர் எங்கள் கரைக்கும் வந்து சேர்ந்தது.

1658இல் ஒல்லாந்தர் வந்தபின் கத்தோலிக்க வேதம் தடைசெய்யப்பட்டது. குருக்கள் இல்லாத அந்த நாட்களில், 1687இல், கூலியாள் கோலத்தில் வந்து, சில்லாலையில் இருந்து மறைவாக ஊழியஞ்செய்தவரின் பெயரும் இதுவே: யோசேவ் வாஸ். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக உயர்த்தினார்.

இப்பெயரை உள்ளபடி தமிழாக்கியவர் வீரமாமுனிவர். 1726இல் முடித்த தேம்பாவணியில், 36 படலங்களிலும் சூசையப்பரே தலைவர். அங்கே அவர் பெயர் 'வளன்'. கூட்டுதல், பெருகுதல் என்ற எபிரேயக் கருத்து அப்படியே இருக்கின்றது. முனிவரும் ஒரு யோசேப்புத்தான்: கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி.

இன்று சூசைப்பிள்ளை என்பது ரொறன்ரோவிலும் பாரிசிலும் குடும்பப் பெயராகிவிட்டது. தகப்பன் பெயரை முன்னே எழுதும் எங்கள் வழக்கமும் அந்நாட்டுப் படிவங்களும் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால் பிள்ளைக்குச் சூசை என்று பெயரிட இங்கேயே கூச்சப்படுகிறோம், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களாம். பொருளில்லாத ஓசைகளைப் பெயரென்று கோயிலுக்குக் கொண்டுவர மட்டும் கூச்சமில்லை! 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 855ஆம் பிரிவு கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை மட்டுமே தவிர்க்கச் சொல்கின்றது. அந்நியப் பெயர்தான் வேண்டுமென்று சொல்லவில்லை.

சூசை பழையதாகப் பட்டால், வளன் என்று வையுங்கள். மார்ச் 19ஆம் திகதியோடு, 1955இல் 12ஆம் பத்திநாதர் ஏற்படுத்திய தொழிலாளர் சூசையப்பர் திருநாளான மே 1ஆம் திகதியும் அந்தப் பிள்ளைக்கு நாமத் திருநாளே.