மறுப்பும் ஒரு பாடம்

அயல்நாட்டுப் படிப்பென்றால் பட்டமும் பதவியுமே நம் நினைவுக்கு வரும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1930இல், 19 வயதில், கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். வெண்குள்ள விண்மீனின் நிறைக்கு ஒரு வரம்புண்டு எனக் கப்பலிலேயே கணக்கிட்டார். கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது இன்றைய மதிப்பு. 1935 சனவரியில் இலண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் அதை விளக்கினார். அடுத்துப் பேசிய எடிங்டன், அவையோர் சிரிக்க, மறுத்துரைத்தார். இளைஞர் நட்பை முறிக்கவில்லை, கணக்கையும் கைவிடவில்லை. 1939இல் அதை நூலில் எழுதிவைத்துவிட்டு வேறு ஆய்வுக்குப் போனார். நோபல் பரிசு வந்தது 1983இல்! (நாமோ விடுதிச் சாம்பாருக்கே மனமுடைகிறோம்.)

சென்ற வாரம் கருத்தரங்கில் என் முடிவைப் பேராசிரியர் ஒருவர் மறுத்தார். அன்றிரவே ஊருக்குப் பயணச்சீட்டு வாங்க எண்ணினேன். நானும் ஒரு சந்திரசேகர் என்ற நினைப்பு வேறு! விடிந்ததும் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் கூட்டல் குறி கழித்தலாகியிருந்தது. திங்களன்று அவரிடம் போய்ச் சொல்லவேண்டும்.