காய்ந்தால் தெரியும் சிலேட்டு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஃபிளாஷ் டிரைவரை இரண்டு முறை படித்தேன். பேஜ் எழுதும் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எரேஸ் தோற்றால் என்ன செய்வது என்ற இடத்தில்தான் கண் நின்றது. பேட் பிளாக் என்று குறி, அடுத்ததற்குப் போ. இரண்டே வரி. என் முதல் வேலையில் நானும் இதையேதான் எழுதினேன்.

அது வண்டியில் பொருத்தும் டிராக்கர். 1 ஜிகாபிட் நாண்ட் சிப், பக்கத்திலேயே ஜிஎஸ்எம் மோடம், இரண்டுக்கும் பவர் வரும் வழி ஒன்று. மேசையில் ஒரு பிழையும் வரவில்லை. வண்டிக்குப் போன சில வாரங்களில் ஒவ்வொன்றாக ரீட்-ஒன்லியாகித் திரும்பி வந்தன. 1024 பிளாக்கில் குறைந்தது 1004 கடைசிவரை நன்றாக இருக்கும் என்பது டேட்டாஷீட்டின் வாக்கு. எங்களிடம் வந்தவற்றில் ஐம்பது, அறுபது பிளாக் செத்துக் கிடந்தன. போலிச் சரக்கு என்று சிப் விற்றவரோடு சண்டை போட்டோம். ஆசிலோஸ்கோப் வைத்த பிறகுதான் வெட்கமாகப் போயிற்று. டவர் தூரத்தில் இருந்தால் மோடம் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அரை மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேலே, திரும்பத் திரும்ப. எரேஸுக்கு 2 மில்லிசெகண்ட் வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் 3.3 வோல்ட் 2.7-க்குக் கீழே போய்விடும். முடியவில்லை என்று சிப் ஸ்டேட்டஸில் சொல்லும். அது சொன்னது உண்மைதான். பிளாக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் நாங்கள்.

பிறகு செய்ததுதான் பெரிய கூத்து. தவறாக வைத்த குறிகளை நீக்குகிறோம் என்று எல்லா பிளாக்கையும் வலுக்கட்டாயமாக எரேஸ் செய்தோம். ஸ்பேர் பகுதியில் தொழிற்சாலை வைத்து அனுப்பிய அசல் குறிகளும் சேர்ந்து போயின. அவற்றைத் திரும்ப வாங்க வழியே கிடையாது. புதுச் சிப்பில் ஒரு எரேஸ்கூடச் செய்யும் முன் அந்தப் பட்டியலைப் படித்து வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்.

லினக்ஸில் 2007-ல் சேர்ந்த, ஃபிளாஷ் பிளாக்குகளை நிர்வகிக்கும் யூபிஐ (UBI) இந்த இடத்தை எப்படிக் கையாளுகிறது என்று உட்கார்ந்து படி. எரேஸ் தோற்றால் உடனே தீர்ப்பு எழுதாது. மெமரி கிடைக்கவில்லை, வேலை நடுவில் தடைபட்டது என்பது போன்ற காரணமென்றால் பிளாக்கைத் திரும்ப வரிசையில் போட்டுவிடும். சிப்பே கைவிரித்தால் மறுபடி சில தடவை முயன்று பார்த்த பிறகுதான் பேட். எழுதும்போது தோற்ற பிளாக்குக்கு ஒரு பரீட்சையும் வைக்கிறது: அழி, ஏ5 என்று நிரப்பி ஒப்பிடு, அழி, 5ஏ, அழி, 00. தேறினால் மறுபடி வேலைக்கு. அந்தச் சோதனைக்கு அவர்கள் வைத்த பெயர் 'சித்திரவதை'. சரியான பெயர்!

இதுவரை சொன்னது சத்தம் போட்டுத் தோற்கும் எரேஸ். எனக்குப் பயம் சத்தம் போடாததிடம்தான். சிலேட்டைக் கோவை இலையால் துடைத்த ஞாபகம் உனக்கு இருக்காது. ஈரத்தில் கருகருவென்று சுத்தமாக இருக்கும். காய்ந்ததும் பழைய எழுத்து மங்கலாக எழுந்து வரும். எரேஸ் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் பிளாக்கும் அப்படித்தான். படித்துப் பார்த்தால் எல்லா பிட்டும் ஒன்று, காலி என்றே தெரியும். ஆனால் செல்களில் மின்னூட்டம் அரைகுறையாக நிற்கும். இன்றைக்கு ஒன்று என்று சொன்ன பிட் நாளைக்குச் சுழி என்று சொல்லும், அதுவும் நீ மேலே எழுதிய பிறகு. ஜெஎஃப்எஃப்எஸ்2 என்ற ஃபைல் சிஸ்டம் இதற்காகவே எரேஸ் முழுதாக முடிந்தபின் ஒரு சின்ன அடையாளத்தை எழுதி வைக்கிறது. பிளாக் காலியாகத் தெரிந்தாலும் அடையாளம் இல்லையென்றால் நம்பாமல் மறுபடி அழிக்கும். உன் கோடில் காலியா என்று பார்க்கிறாய், அழித்து முடித்தோமா என்று பார்க்கவில்லை.

எந்தக் கணத்தில் கரண்ட் போனால் பிளாக் இப்படி ஆகும் என்பதைக் கோடு படித்துக் கண்டுபிடிக்க முடியாது. பவர் வயரில் ஒரு ரிலேயை மாட்டு. எரேஸ் கட்டளை போன பிறகு வெவ்வேறு கணத்தில் வெட்டு. ராத்திரி முழுக்க ஓடட்டும், காலையில் வந்து பார்.

இன்னொன்று: ரீட்-ஒன்லி ஆனாலும், ஃபைல் சிஸ்டம் மவுன்ட் ஆகாவிட்டாலும், கருவி எழுந்து பேச வேண்டும். 2004 ஜனவரியில் செவ்வாயில் ஸ்பிரிட் ரோவர் ஃபிளாஷில் கோப்புகள் பெருகிப்போய், மவுன்ட் செய்யவே மெமரி போதாமல், திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமல் பூட் ஆக அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதனால்தான் மீட்க முடிந்தது. உன் பூட்லோடரில் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, அந்தக் கோப்பை நீ அனுப்பவில்லை.

அதை அனுப்பு. போர்டையும் கூரியரில் போடு. நானே இங்கே ரிலே வைத்துப் பார்க்கிறேன். மோடத்தைக் கழற்றாமல் அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்