ராஜினாமா எழுதித் தர வேண்டாம்

கேள்வி: பைபோலார் என்ற மனநோய்க்குச் சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய என் தம்பியிடம், "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு" என்கிறார்கள். அரசு வேலைதான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முதலில் தம்பியிடம் சொல்லுங்கள். பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்ட அரசு ஊழியரை அதைக் காரணம் காட்டி நீக்கவோ, பதவியிறக்கவோ கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. பழைய வேலை ஒத்துவராவிட்டால், அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். மனநோயும் இச்சட்டத்துக்குள் வரும்.

அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். சிகிச்சைச் சீட்டுகளின் நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வழக்கறிஞர் தேவைப்பட்டால், நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். மனநோயாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி கிடைக்கும். தொலைபேசி: 15100.