மாநிலம் மாறினால் துப்பாக்கி உரிமம் என்ன ஆகும்?

வேலை மாறுதலோ, ஓய்வோ, பிள்ளைகளின் படிப்போ, ஏதோ ஒரு காரணத்தால் வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் ஆதார் முகவரி, ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறோம். ஓட்டுநர் உரிமத்துக்கு மட்டும் அவ்வளவு அவசரம் காட்டுவதில்லை. எந்த மாநிலத்தில் எடுத்திருந்தாலும் அது நாடு முழுவதும் செல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

துப்பாக்கி உரிமமும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். "லைசென்ஸ்தான் கையில இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் துப்பாக்கி உரிமம் ஆளுக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. இன்னார், இன்ன துப்பாக்கியை, இன்ன எல்லைக்குள் வைத்திருக்கலாம் என்று மூன்றையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். இதில் ஒன்று மாறினாலும் உரிமத்தில் அது பதிவாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

வேலூர்க்காரர் ஒருவர் ராணுவப் பணியில் ராஜஸ்தானில் இருந்தபோது, தற்காப்புக்காக உரிமம் பெற்று ஒரு 0.32 ரிவால்வர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்புகிறார். உரிமம் காலாவதியாகவில்லை, துப்பாக்கியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் உரிமத்தில் எல்லை என்ற இடத்தில் 'ராஜஸ்தான் மாநிலம்' என்று மட்டும் இருக்கிறது. காட்பாடியில் ஒரு வாகனச் சோதனையில் அந்த ரிவால்வரோடு நின்றால், அவர் சிக்கலில் இருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது.

முதலில் பார்க்க வேண்டியது எல்லை

பெட்டி கட்டும் முன்பே உரிமத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு மாவட்டம், ஒரு மாநிலம், அல்லது இந்தியா முழுவதும் என்று எல்லை குறிக்கப்பட்டிருக்கும்.

இந்தியா முழுவதும் என்றிருந்தால், துப்பாக்கியை எடுத்து வரலாம். ஆனால் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் கடமை அப்படியே இருக்கிறது.

ஒரு மாநிலம் என்று மட்டும் இருந்தால், உரிமம் கொடுத்த அலுவலகத்தில் எல்லையை விரிவாக்கித் தரக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கேட்டவர் எல்லோருக்கும் இது கிடைப்பதில்லை. ஏன் தேவை என்று காரணம் சொல்ல வேண்டும். அனுமதி வரும் வரை துப்பாக்கியைப் பழைய ஊரிலேயே உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

30 நாள் கணக்கு

நிரந்தரமாகக் குடிபெயர்ந்தாலும் சரி, தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் துப்பாக்கியோடு வேறு ஊரில் தங்கினாலும் சரி, 30 நாட்களுக்குள் இரண்டு இடங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒன்று, உரிமம் கொடுத்த அலுவலகம். இன்னொன்று, புதிய ஊரின் உரிம அலுவலகம். மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்திலும், சென்னை மாநகரில் காவல் ஆணையர் அலுவலகத்திலும் இது நடக்கும். கேட்டால் உரிமத்தையும் துப்பாக்கியையும் காட்டி, புதிய முகவரியை உரிமத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

"ஏன் இவ்வளவு நாள் ஆகுது?" என்று சலிப்பு வரலாம். புதிய அலுவலகம் பழைய அலுவலகத்துக்கு எழுதி, இந்த உரிமம் உண்மையானதா என்று உறுதி செய்துகொள்கிறது. 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் தகுதியில்லாத பலருக்கு உரிமம் வழங்கப்பட்டதாக எழுந்த புகாரை சி.பி.ஐ. விசாரித்தது. அதனால் வெளிமாநில உரிமம் என்றால் கவனமாகத்தான் பார்ப்பார்கள். உங்கள் காகிதங்கள் சரியாக இருந்தால் இந்தச் சரிபார்ப்பு உங்களுக்கே பாதுகாப்பு.

செல்போனில் செய்யக் கூடியது

துப்பாக்கி உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு உரிமதாரருக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. சுருக்கமாக யு.ஐ.என். பழைய புத்தக வடிவ உரிமம் வைத்திருப்பவர்கள் முதலில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத உரிமம் செல்லாது. முகவரி மாற்றம், புதுப்பித்தல் போன்ற விண்ணப்பங்களை என்.டி.ஏ.எல். – ஆலிஸ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பதியலாம். விண்ணப்ப எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் விண்ணப்பித்த ரசீதை அனுமதி என்று எண்ணிவிடக் கூடாது.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். முன்பு இது 3 ஆண்டு. புதுப்பிக்க, முடியும் தேதிக்கு 60 நாட்கள் முன்பே விண்ணப்பியுங்கள். வீடு மாறும் பரபரப்பில் தேதி தவறிப்போவது எளிது, செல்போனிலேயே நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

மறைத்து எடுத்துச் செல்லலாமா?

இந்தக் கேள்விக்குப் பலர் எதிர்பார்க்காத பதில்: மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கான உறையில், முழுவதும் மூடப்பட்டு, உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். இடுப்பில் தெரியும்படி வைப்பதும், நாலு பேர் முன் எடுத்துக் காட்டுவதும் கூடாது.

ஆனால் காவல்துறையிடம் மறைக்கக் கூடாது. துப்பாக்கி வைத்திருப்பவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க, சட்டத்தின் 19ஆம் பிரிவு காவல் அதிகாரிக்கு உரிமை தருகிறது. எனவே உரிமத்தைக் கூடவே வையுங்கள்.

உரிமம் இருந்தாலும் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் ஆகிய இடங்களுக்குத் துப்பாக்கியோடு போகக் கூடாது. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால், புதிய ஊரின் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முகவரி மாற்றாதவர்கள் இந்த நேரத்தில்தான் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். விமானத்தில் வருவதானால் குண்டுகளை நீக்கி, விமான நிறுவனத்திடம் முன்பே அறிவித்து, ஒப்படைக்கும் சாமானில்தான் அனுப்ப வேண்டும். கைப்பையில் கூடவே கூடாது.

தவறினால்

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உரிம நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாண வீட்டில் மகிழ்ச்சிக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் வைத்திருப்பவரையும் இது விடாது.

காலாவதி போன்ற காரணத்தால் உரிமம் செல்லாமல் போய்விட்டதா? பயந்துபோய்ப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க 21ஆம் பிரிவு வழி செய்கிறது.

குடிபெயரும் முன் ஒரு சரிபார்ப்பு

1. உரிமத்தில் எல்லை எது?
2. யு.ஐ.என். இருக்கிறதா?
3. முடியும் தேதி எப்போது?
4. இரண்டு அலுவலகங்களுக்கும் 30 நாட்களுக்குள் தெரிவித்தாயிற்றா?
5. புதிய முகவரி உரிமத்தில் ஏறிவிட்டதா?

ஐந்துக்கும் பதில் சரியாக இருந்தால் தைரியமாக இருக்கலாம். ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் துப்பாக்கியை வெளியே எடுக்கும் முன் புதிய ஊரின் உரிம அலுவலகத்தில் ஒரு முறை நேரில் கேட்டுவிடுங்கள்.